தூக்கிய கை

சென்னைக்கு வந்து இத்தனை வருஷமாகியும் எனக்குப் பழகாத காரியம் ஒன்று உண்டு. காவி கட்டிய ஒருவர் வாசலில் வந்து நின்றால், இங்குள்ளவர்கள் தலையைக்கூடத் திருப்பாமல் "அடுத்த வூடு பாரு சாமி" என்று அனுப்பிவிடுகிறார்கள். மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் ஒரு ஆட்டோக்காரர் காவிக்காரரோடு ஒரே பெஞ்சில் இருந்து பீடி பற்றவைத்ததைக் கண்டு, ஏதோ நடக்கப் போகிறது என்று நான் நடுங்கி நின்றிருக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் இலங்கையில் காவி என்றால் புத்த பிக்கு. பஸ் ஏறினால் முன் ஆசனம் மதகுருமாருக்கு என்று எழுதியிருக்கும். அது வெறுமையாகக் கிடந்தாலும் பிள்ளைத்தாச்சிகூட நின்றுகொண்டுதான் வருவாள். அந்த ஆசனத்தில் எனக்கு எரிச்சல் இருந்ததில்லை. வயசான மனுஷர், இருந்துவிட்டுப் போகட்டும். பஸ்ஸை ஓட்டுவது அவர் இல்லையே.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஊர் மன்னார்ப் பக்கம். படகில் வந்து, அகதி முகாமில் இருந்து, பிறகு சென்னை. மந்தைவெளியில் ஓர் அறை. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஓய்வு பெற்ற டீச்சரான வைதேகி மாமி வீட்டில் சமையல். நாலு பேர் இருக்கும் இடத்தில் நான் வாய் திறப்பதில்லை. திறந்தால் "கேரளாவா?" என்பார்கள். சிலோன் என்று சொன்னால், "அங்கதான் இப்போ சண்டை இல்லியே, ஏன் போகல?" என்பார்கள். அதற்கு நின்ற நிலையில் பதில் சொல்ல என்னால் முடியாது. ஆகவே எழுதுகிறேன், ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப்போல இங்கே அகதியென்று போலீஸ் பதிவில் பெயராக இருப்பவர்களுக்கும்.

போன சட்டசபைத் தேர்தலில் எங்கள் பகுதியில் ஒரு சுவாமிகள் நின்றார். பள்ளிக்கூடம் நடத்துகிறவர், இலவசக் கண் சிகிச்சை செய்விக்கிறவர். கெட்டவர் என்று ஒருவரும் சொன்னதில்லை. மாமிக்குத் தலைகால் புரியவில்லை. "பொண்டாட்டி கிடையாது, புள்ளை கிடையாது. யாருக்குடி திருடிச் சேர்க்கப் போறார்? இந்த மாதிரி நாலு பேர் உள்ள போனாத்தான் நாடு உருப்படும்" என்று கறிகாய் நறுக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நாள் காலை மேளம் கேட்டது. சுவாமிகள் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். மாமி ஆரத்தித் தட்டை என் கையில் தந்து வாசலுக்குத் தள்ளினாள். எதிரே அந்த நிறத்தைக் கண்டதும் என் முழங்கால் தானாக மடங்கியது. தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கைகூப்பி மண்டியிட்டுவிட்டேன். அவர் என் தலைக்கு மேலே கையைத் தூக்கி ஆசீர்வதித்தார். எந்த ஊரம்மா என்று கேட்டார். சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார்கள். எல்லோரும் அதைப் பக்தி என்று நினைத்தார்கள்.

அது பக்தி இல்லை. ஊரில் என் மகன் ரூபனைச் சந்தியில் வைத்து ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். வழக்கு இல்லாமல் வைத்திருக்க அங்கே ஒரு சட்டம் இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை பாராளுமன்றம் கூடி அதை நீட்டும். மாதத்துக்கு ஒருமுறை நானும் சோற்றுப் பொதியோடு இராணுவ முகாம் வாசலுக்குப் போவேன். பாராளுமன்றத்தில் ஆசனம் உள்ள ஒரு பெரிய ஹாமுதுரு, அதுதான் புத்த பிக்கு, அடுத்த பட்டணத்து விகாரைக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய் அவர் முன் மண்டியிட்டேன். அவர் கனிவான மனுஷர், அதை நான் மறைக்கக் கூடாது. என் தலைக்கு மேலே கையைத் தூக்கினார். உன் மகனுக்காகப் பிரார்த்திக்கிறார் என்று கூட வந்தவர் தமிழில் சொன்னார். அந்த வாரமே சட்டத்தை மறுபடி நீட்டினார்கள். நீட்டச் சொன்னவர்களில் அவரும் ஒருவர் என்று பேப்பர் படிக்கிற பெடியன் ஒருவன் சொன்னான். அங்கே வாக்களிக்கக் கையைத் தூக்குவார்களோ, பெயர் கூப்பிடுவார்களோ, எனக்குத் தெரியாது. என் மனதில் அது தூக்கிய கையாகவே நிற்கிறது, என் தலைக்கு மேலே நின்ற அதே கை. பதினாறு மாதம் நடந்தேன். பதினேழாம் மாதம், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். பிறகுதான் படகு ஏறினேன்.

எங்கள் ஊர் மாதா கோயில் பாதரையும் நினைக்கிறேன். நான் சைவக்காரி, அவர் கோயில் வேறு. ஆனாலும் முகாம் வாசலில் வெயிலில் எங்களோடு நின்று பெயர் பெயராக எழுதிக்கொண்டு போய்க் கேட்டவர் அவர்தான். அவருக்கும் பதில் வரவில்லை. ஒரு நாள் ஆத்திரத்தில், "உங்கட எழுத்தால என்ன பயன் பாதர்?" என்று ஏசிவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆசனம் இல்லாதவரை ஏசலாம், அவர் மேல் விழுந்து அழலாம். ஹாமுதுருவை ஏச எனக்கு நா எழும்பவில்லை. இன்றைக்கும் எழும்பாது.

ஒரு வாரத்தில் மந்தைவெளிச் சுவர்களெல்லாம் நான். நீள நீளப் போஸ்டர். சுவாமிகள் கை தூக்கி நிற்கிறார், கீழே நான் மண்டியிட்டிருக்கிறேன். ஈழத்துத் தாயும் உங்கள் வாக்கைக் கேட்கிறாள் என்று எழுதியிருந்தது. நான் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. தெருமுனையில் மீன் விற்கும் செல்வி, சாந்தோம் கடற்கரைக்காரி, என்னைக் கண்டதும் சிரித்தாள். "இன்னா ஆயா, பெரிய ஆளாயிட்ட. அப்ப ஓட்டு சாமிக்குதானா?"

"எனக்கு இங்க வோட்டு இல்லைப் பிள்ளை."

"போஸ்டர்ல கீறவங்களுக்கே ஓட்டு இல்லியா? நல்லாகீது நாயம்" என்றாள். இரண்டு மீன் கூடுதலாகப் போட்டாள்.

ஊரில் என் தங்கை மகள் போனில் சொன்னாள், "பெரியம்மா, உங்கட பேர் இன்னும் இஞ்ச லிஸ்டில கிடக்கு. போனமுறை உங்கட வோட்ட ஆரோ போட்டிட்டினம்" என்று. நான் இல்லாத இடத்தில் எனக்கு வோட்டு. இருக்கிற இடத்தில் சுவரில் ஒரு முகம்.

அன்றைக்குத்தான் மாமியிடம் முதல்தடவையாகக் கேள்வி கேட்டேன். தண்ணீர் வராத நாளெல்லாம் பழைய எம்.எல்.ஏ.வைக் கட்டையில் போறவன் என்று திட்டுகிறவள் அவள். "மாமி, இனித் தண்ணி வராட்டி இவரையும் அப்பிடி ஏசுவீங்களோ?"

"அபச்சாரம்" என்று காதைப் பொத்திக்கொண்டாள். "சுவாமிகளையா?"

"அதுதான் மாமி" என்றேன். மாமிக்கு விளங்கவில்லை. போஸ்டரை எடுக்கச் சொல்லுங்கள் என்றதற்கு, "புண்ணியம்டி, அசடே" என்றாள். வாக்குப்பதிவு அன்று மை வைத்த விரலை எனக்குக் காட்டிவிட்டுக் காப்பி கேட்டாள். சுவாமிகள் ஜெயித்தார். சபையில் எதற்குக் கை தூக்கினார் என்று எனக்குத் தெரியாது. நல்லதற்காகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கை தூக்கியதைப் பிழை என்று சொல்ல இந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள்?

தேர்தல் முடிந்த மாதம் பதிவுக்குப் போலீஸ் ஸ்டேஷன் போனேன். அங்கிருந்த தம்பி மரியாதையானவர், நாற்காலி தந்தார். பதிவுப் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அகதியா இருக்கிறவங்க அரசியல்ல கலந்துக்கக் கூடாது, தெரியும் இல்லம்மா? போஸ்டர்ல இருக்கிறது நீங்கதானே?"

"அது நான் இல்லை ஐயா."

அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று சொல்வது இவ்வளவு லேசான வேலையா என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

தெருமுனையில் ஒரு மாடு சுவரோரம் நின்று, பசைக்காகப் போஸ்டரைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. "ஆயா, உன்ன மாடு துன்னுது பாரு" என்று செல்வி கூப்பிட்டாள். நின்று பார்த்தேன். முதலில் என் முகத்தை இழுத்தது. பிறகு கூப்பிய கையை, மடங்கிய காலை. அதற்கு மேலே மாட்டுக்கு எட்டவில்லை. வெறும் சுவருக்கு மேலே, தூக்கிய கை அப்படியே இருந்தது.