தொரை ஜீப்பில் வடித்த எண்ணெய்

பதுளை கராஜில் என் லொறியின் கறுத்த எண்ணெய் வாளிக்குள் வடிந்துகொண்டிருந்தது. கருகிய அந்த நாற்றம் மூக்கில் ஏறியது.

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் அப்பா ஓட்டிய கொழுந்து லொறியிலும் இதே நாற்றம்தான். புது எண்ணெய் டின்னைத் தோட்டத்து மெனேஜரான தொரையின் ஜீப்புக்குத்தான் உடைப்பார்கள். அதில் ஓடிக் கறுத்ததை வடித்து, பழைய சேலைத் துணியில் வடிகட்டி, எங்கள் லொறிக்கு ஊற்றுவார்கள்.

"அவரு எச்சிதான் நமக்கு," என்று அப்பா காறித் துப்புவார்.

பிரசவ வலியில் துடித்த சித்தியைக் கொழுந்துச் சாக்குகள்மேல் படுக்கவைத்து அப்பா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, ஏற்றத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பின்னாலேயே ஜீப்பில் வந்த தொரை எட்டிப் பார்த்தார்.

"கொழுந்து வாடிறப் போவுது. ஜீப்புல ஏத்துங்க."

சித்திக்கு அடியில் கிடந்த சாக்குகளையும் உருவி ஏற்றினார்கள். பிறகு ஜீப்பில் ஆளுக்கு இடமில்லை. சித்தி ரோட்டோரத்திலேயே பெற்றாள். பிள்ளை அழவேயில்லை.

"எண்ணெயும் புதுசு, பில்டரும் புதுசு போடுங்க," என்றேன் மெக்கானிக்கிடம். "இந்தப் பழசக் கொட்டிருங்க."

"கொட்டுறதா? தோட்டத்து லொறிக்கு ஊத்த வாங்கிட்டுப் போவாங்கண்ணே."

எனக்குப் பொறுக்கவில்லை. வாளிக்குள் காறித் துப்பினேன்.

அவர் சிரித்தார். "பரவால்லண்ணே, வடிகட்டித்தான் ஊத்துவாங்க."