முடிவு பார்க்காத ஆறு படங்கள்

அந்த வருஷம் தியேட்டருக்குப் போய் நான் பார்த்தது ஆறு படம். ஆறில் ஒன்றின் முடிவைக்கூட என் கண்ணால் பார்க்கவில்லை. இருந்தாலும் டிசம்பர் கடைசியில், உரக்கடையில் கொடுத்த டைரியின் பின்பக்கத்தில், ‘இந்த வருஷம் எனக்குப் பிடித்த படங்கள்’ என்று தலைப்புப் போட்டு ஆறையும் வரிசைப்படுத்தினேன். பள்ளிக்கூட நாளிலிருந்து வந்த பழக்கம். போத்தனூரில் அம்மா வீட்டில் இருந்தவரை முப்பது படம் பார்த்துப் பத்தைப் பொறுக்குவேன். கல்யாணமாகி, சிங்காநல்லூரைத் தாண்டி இந்தத் தோட்டத்துக்கு வந்தபிறகு பார்த்ததெல்லாம் பிடித்த படம்தான். வேறு வழி?

காரணம் மாடுகள். சாயங்காலம் ஐந்தரைக்குப் பால் சொசைட்டியில் கேனை மூடிவிடுவார்கள். அதற்குள் இரண்டு மாட்டையும் கறந்தாக வேண்டும். இரண்டும் என் கைக்குத்தான் பால் விடும், என் வீட்டுக்காரர் உட்கார்ந்தால் உதைக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம் என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு. இரண்டரை மணி ஆட்டத்துக்குப் போனால் இடைவேளைக்குப் பின் கொஞ்ச நேரம் பார்க்கலாம். அப்புறம் நாலேகால் பஸ்ஸைப் பிடிக்க எழுந்துவிட வேண்டும். திரையில் யாராவது ஆஸ்பத்திரியில் கிடப்பார்கள். நான் செருப்பைத் தேடி, இருட்டில் நாலு பேர் காலை மிதித்து, திட்டு வாங்கிக்கொண்டு வெயிலுக்கு வருவேன். சில நாள் பஸ்ஸில் அழுகையே வந்துவிடும். பால் ஊற்றிய பிறகு ராத்திரி முதல் ஆட்டத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னால், பாதி பார்த்தது போதாதா என்று அவர் சிரிப்பார். கெட்டவர் இல்லை. சினிமாப் பைத்தியம் பிடிக்காதவர், அவ்வளவுதான்.

எனக்கு முடிவைச் சொல்ல ஓர் அக்கா இருந்தார். மாமனார் ரோட்டோரமாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த லைன் வீட்டில் கடைசி வீடு அவருடையது. மில்லில் நூல் சுற்றும் ரீலிங் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில், தன்னோடு வேலை செய்யும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு முதல் ஆட்டம் போவார். மறுநாள் ஷிப்ட் முடிந்து பால் வாங்க வருவார். நான் கறப்பேன், அவர் கன்றைப் பிடித்துக்கொண்டு கதை சொல்வார். எந்த இடத்தில் எழுந்து வந்தேன் என்று சொன்னால் போதும், சரியாக அங்கிருந்து எடுப்பார்.

அவர் வீட்டுக்காரர் போர்வெல் வண்டியில் வேலைக்கு வடக்கே போனவர். இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முதலில் கடிதம் வந்துகொண்டிருந்தது, பிறகு நின்றுவிட்டது. வண்டி முதலாளியைக் கேட்டால் அங்கேயே வேறு வண்டிக்கு மாறிவிட்டதாகச் சொன்னாராம். மழை பிடித்தால் போர் வண்டிகள் ஊர் திரும்பும். அந்த மாதங்களில் மட்டும் அக்கா ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போகாமல் வீட்டிலேயே இருப்பார். நானும் ஏன் என்று கேட்டதில்லை.

என் பட்டியலில் முதலில் இருந்தது, கடல் கடந்து வேலைக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தியின் கதை. அவள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது நான் எழுந்து வந்துவிட்டேன். மிச்சத்தை அக்கா சொன்னார். கடைசிப் பெட்டியிலிருந்து அவன் இறங்குகிறான். மகள் அடையாளம் தெரியாமல் அம்மா பின்னால் ஒளிகிறாள். அம்மாக்காரி அவன் கையிலிருந்த டிரங்குப் பெட்டியை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். கேட்டுக்கொண்டே நான் கறப்பதை நிறுத்திவிட்டேன்.

“இத்தன வருசம் எங்க போனேன்னு ஒண்ணும் கேக்கலீங்களாக்கா?” என்றேன்.

“என்னத்தக் கேக்கறது கண்ணு. வந்துட்டானில்ல.”

அந்த ஒரு வரிக்காகவே அதற்கு முதலிடம் கொடுத்தேன்.

பொங்கலுக்குத் தோட்டத்து வீட்டுக்குக் கேபிள் வந்தது. முதல் வாரமே ஒரு மத்தியானம் அதே படத்தைப் போட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். ரயில் வந்தது. எல்லோரும் இறங்கிப் போனார்கள், அவன் இறங்கவில்லை. பிறகு ஒரு கடிதம் வருகிறது, அவனுக்கு அங்கே வேறு குடும்பம் இருக்கிறது என்று. அவள் அதை யாருக்கும் காட்டாமல் மடித்து வைத்துக்கொண்டு, வாரா வாரம் அதே ரயிலுக்குப் போகிறாள். தலை நரைக்கிறது. மகள் கல்யாணமாகிப் போகிறாள். அப்போதும் அம்மா அந்த ரயிலுக்குப் போகிறாள். அதோடு படம் முடிகிறது.

எனக்கு அப்படி ஒரு கோபம். படத்தின் மேல் இல்லை, அக்கா மேல். இல்லாத முடிவைச் சொல்லி என்னை ஏமாற்றிவிட்டாரே என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது. ஆறு படத்துக்கும் அவர் சொன்ன முடிவைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம். சிறைக்குப் போனவன், பட்டாளத்துக்குப் போனவன், கோபித்துக்கொண்டு போன அண்ணன் என்று ஆறிலும் போனவர்கள் திரும்பி வந்திருந்தார்கள். அந்தப் புத்தி அப்போது வரவில்லை. லைன் வீட்டுக்கு ஓடினேன்.

பொங்கல் லீவு, மில் இல்லை. அக்கா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே கொட்டினேன்.

“பொய் சொல்லிப்போட்டீங்களேக்கா. அவன் வரவே இல்லீங்க. அங்கியே இன்னொருத்தியோட குடும்பம் நடத்தறானுங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. கொட்டியதை வாரிக்கொள்ள முடியுமா? சினிமாக்காரர்கள் எதையாவது எடுப்பார்கள், அதெல்லாம் நிஜமா என்று என்னவோ உளறினேன். உளற உளற இன்னும் மோசமானது. அக்கா அழவில்லை, கோபிக்கவும் இல்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அவன் எறங்காம ரயிலு போறவரைக்குந்தான் கண்ணு நான் பாத்தேன். அதுக்கு மேல உக்கார முடியல, எந்திரிச்சு வந்துட்டேன்” என்றார். “அப்பறம் அவ என்ன பண்ணா?”

கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு படத்தைக் கடைசிவரை பார்த்திருந்தேன். எனக்கு முடிவு தெரியும். அவர் எனக்குச் சொன்னதுபோல நல்ல முடிவு ஒன்றே ஒன்றை நான் அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

“நல்லாத்தான் இருந்தாங்க்கா” என்றேன்.

“எப்படி?” என்று கேட்டார்.

அவர் கீழே வைத்த முறத்தை எடுத்து, புடைத்த அரிசியையே மறுபடி புடைக்க ஆரம்பித்தேன்.