சிவப்புக் கலத்தில கரு இல்லை

மற்ற வேலைக்காரர் ஆளின்ர முகத்தைப் பாத்து வேலை செய்யினம். நாங்கள் ஆள் வீட்டை போன பிறகு, அவர் போத்தலுக்குள்ள விட்டிட்டுப் போனதைப் பாத்து வேலை செய்யிறம். சளிப் போத்தலை மூடி வைச்சுக் கையைக் கழுவிப்போட்டு, பக்கத்து அறையில பாண் சாப்பிடுற என்ர இனசனமே, இது உங்களுக்குத்தான்.

மன்னார் ரவுணில, ஆசுப்பத்திரிக்குக் கிட்ட, ரத்தம் சளி சோதிக்கிற ஒரு சின்ன லாப்பில நான் நுணுக்குக்காட்டிக்கு முன்னால குந்தியிருக்கிறன். வாற சனம் அதைப் பூதக்கண்ணாடி எண்டும். திருத்தித் திருத்திக் களைச்சுப் போனன். பூதம் எண்டதில பெரிய பிழையில்லை எண்டு இப்ப எனக்கே படுது.

கழுதை உரஞ்சினால்

எங்கட மேசை சுவரோட ஒட்டினபடி நிக்குது, ஒரு கால் கொஞ்சம் ஆட்டம். சோறு வைச்சுச் சாப்பிடுற மேசையெண்டால் பரவாயில்லை. ஆயிரம் மடங்கு பெருப்பிச்சுப் பாக்கேக்க, மேசை ஒரு மயிரளவு ஆடினாலும் கண்ணுக்குள்ள பூமி நடுங்கும். கழுதை வந்து வெளிச்சுவரில முதுகு உரஞ்சிறது மன்னாரில புதினமோ? அது உரஞ்ச, சுவர் அதிர, வழுக்கியில இருக்கிற கலங்கள் எல்லாம் ஒண்டாத் துள்ளும். வழுக்கி எண்டது ரத்தம் பூசுற கண்ணாடித் துண்டு, கலம் எண்டது உடம்பில இருக்கிற செல்.

ஒருநாள் கந்தோரில பைல் எழுதுற ஒரு ஐயா, தன்ர ரத்தத்தைத் தான்தான் பாக்கோணும் எண்டு ஒற்றைக்காலில நிண்டார். தொல்லை விட்டாப் போதும் எண்டு கதிரையைக் குடுத்தன். குனிஞ்சு பாத்துக்கொண்டிருந்தார். பிறகு ஆள் கதிரையோட பின்னால சரிஞ்சார். யன்னலால எட்டிப் பாத்தன். கழுதை ஒண்டு ஆறுதலா நடந்து போகுது. எவ்வளவு விளங்கப்படுத்தியும் ஐயாவுக்கு ஏறேல்லை. வேர்வையைத் துடைச்சுக்கொண்டு சொன்னார்: "கழுதையை விடுங்கோ மிஸ். உதுகள் எல்லாம் ஒரேயடியா என்னைத் திரும்பிப் பாத்ததுகள்!"

செய்தி போய்ச் சேராத இடம்

பள்ளிமுனை அன்ரன் கடல்தொழில் செய்யிறவன். தகப்பன் சூசை ஐயா ஆசுப்பத்திரி வாட்டில, நெஞ்சு முழுக்கச் சளி. அன்ரன்ர மனிசி ஜெசிந்தாவுக்கு அப்ப ஏழாம் மாதம். முந்தி ரெண்டு தரம் தங்கேல்லை. ரெண்டாவது ஆறாம் மாதம் வரை வந்து, உள்ளுக்கையே செத்துப் போச்சு. இந்தப் பிள்ளையாவது உயிரோட கைக்கு வரோணும் எண்டதுதான் அந்த வீட்டின்ர ஒரே செபம். "பேரப்பிள்ளையைப் பாக்காமப் போகமாட்டன்" எண்டு சூசை ஐயா வாட்டில எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு கிடந்தவர்.

ஒரு காலமை அன்ரன் தகப்பன்ர சளியைத் தந்திட்டுப் போனான். ஒரு சொட்டு எடுத்து வைச்சுப் பாக்கிறன். மூச்சுக்குழாயின்ர உட்பக்கத்துக் கலங்கள் கொஞ்சம் கழண்டு வந்திருக்கு. ஒவ்வொண்டின்ர தலையிலயும் மெல்லிய மயிர் வரிசை. சளியை மேல தள்ளுறதுக்காக அது எந்த நேரமும் அடிச்சுக்கொண்டு இருக்கும். நான் கண்ணை எடுக்க முதல் வாசல்ல திருப்பியும் அன்ரன்.

"ரிப்போட் வேண்டாம் மிஸ். அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டார்."

கண்ணாடிக்குக் கீழ அந்த மயிர் வரிசை இன்னும் அடிச்சுக்கொண்டே இருக்குது. மறைக்க மனம் வரேல்லை. ஆள் போனாலும் இதுகளுக்குச் செய்தி போய்ச் சேரக் கொஞ்ச நேரம் எடுக்கும், இதைத்தான் கலம் எண்டு சொல்லுறது எண்டு சொன்னன். அன்ரன் குனிஞ்சு கனநேரம் பாத்தான். கண்ணைத் துடைக்கவும் இல்லை. "கலம் எண்டது வள்ளம்தானே, சரிதான்," எண்டான். "தண்டு வலிக்குது மிஸ். எந்தக் கரைக்குப் போறாரெண்டுதான் தெரியேல்லை."

போனில பாடம்

செத்தவீடு முடிஞ்சு ஒரு கிழமையால, கிளினிக்கில சொன்ன ரத்தப் பரிசோதனைக்கு ஜெசிந்தா வந்தாள். என்னோட வேலை செய்யிற குமுதினி ரத்தம் எடுத்து, அவளை வெளியில இருத்திப்போட்டு, திரைக்குப் பின்னால வந்து வழுக்கியைப் பாக்கத் தொடங்கினாள். பாத்துக்கொண்டே போனில தங்கச்சிக்கு விஞ்ஞானப் பாடம். குமுதினியின்ர தொண்டை கோயில் ஸ்பீக்கர் மாதிரி.

"கரு இல்லையடி. இப்பவும் வடிவாப் பாத்திட்டுத்தான் சொல்லுறன். முதல் இருந்தது, பிறகு அழிஞ்சு போச்சு."

பிள்ளையள் படிக்கிற புத்தகத்தில கரு எண்டால் கலத்துக்கு நடுவில இருக்கிற உருண்டை. சிவப்புக் கலம் மட்டும் முத்தேக்க அதைத் துலைச்சுப்போடும், மூச்சுக்காத்தைச் சுமக்க உள்ளுக்க இடம் வேணுமெண்டு. இது எனக்குத் தெரியும், குமுதினிக்குத் தெரியும். திரைக்கு வெளியில இருக்கிற கர்ப்பிணிக்குக் கரு எண்டால் வேற என்ன? இந்தச் சொல்லைத் தெரிஞ்செடுத்த பெரிய மனிசன் என்ர கையில ஆப்பிட்டால் நல்லாக் கேப்பன்! தமிழில சொல்லுக்குப் பஞ்சமோ?

நான் திரையை விலக்கேக்க கதிரை வெறுமை. வெளியில ஓட்டோக்காரர் வீதியைக் காட்டினார்: "அந்தத் தங்கச்சி செருப்பையும் விட்டிட்டுப் போகுது மிஸ். கூப்பிடக் கூப்பிடத் திரும்பேல்லை."

பள்ளிமுனை வீட்டில

அடுத்தநாள் அன்ரன் வந்து கத்தின பிறகுதான் எங்களுக்கு முழுசா விளங்கிச்சு. குமுதினி அழத் தொடங்கினாள். நான் செருப்பை ஒரு பையில போட்டுக்கொண்டு அன்ரனோட போனன்.

நல்ல வெய்யிலுக்குள்ள வீடு இருட்டிக் கிடக்குது. எல்லா யன்னலும் சாத்து. சூசை ஐயாவின்ர படத்துக்கு முன்னால மெழுகுதிரி, அதுக்குப் பக்கத்தில பிள்ளைக்குத் தைச்ச சட்டையள், ஒழுங்கா மடிச்சு. ஜெசிந்தா அழேல்லை. அதுதான் எனக்குப் பயமா இருந்தது. குமுதினி சொன்னது ரத்தத்தைப் பற்றியெண்டு எவ்வளவோ சொன்னன். ஆறுதலுக்குச் சொல்லுறன் எண்டு நினைச்சுச் சிரிச்சாள்.

"பிள்ளை அசையேல்லையோ?" எண்டு கேட்டன்.

"அசையிற மாதிரித்தான் இருக்கு. போனமுறை டொக்டர் உயிரில்லை எண்ட பிறகும் எனக்கு அசைஞ்சது. அதை நான் இனி நம்பமாட்டன்."

ஆசுப்பத்திரிக்கு வாங்கோ எண்டன். உயிரில்லை எண்ட சொல்லை இன்னொருக்கால் அங்க கேக்கத் தன்னால ஏலாதாம். பிறகு படத்தைப் பாத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் புதினம் சொல்லுற மாதிரிச் சொன்னாள்: "மாமா பிள்ளையைப் பாக்கோணும் எண்டு கேட்டவர் மிஸ். கூட்டிக்கொண்டு போட்டார்."

படம் ஆடினது

எனக்குக் கோவம் வந்திட்டுது. "ஆசுப்பத்திரிக்கு வரவேண்டாம், என்ர மேசைக்கு வாரும்!" எண்டு கையைப் பிடிச்சு ஓட்டோவில ஏத்தினன். என்ர விரலில குத்தினன், அன்ரன்ர விரலில குத்தினன், அவளின்ர விரலிலயும் குத்தினன். மூண்டு வழுக்கிக்கும் நிறம் ஊத்திக் காயவைச்சு, ஒவ்வொண்டாக் காட்டினன்.

"பாரும். சிவப்பு ஒண்டிலயும் கரு இல்லை. அப்ப நானும் செத்தவளோ? உம்மட மனிசனும் செத்தவனோ?"

ஊதாப் புள்ளியோட அங்கங்க தெரியிறது வெள்ளைக் கலம், அந்தப் புள்ளிதான் நாங்கள் சொல்லுற கரு எண்டன். கதிரையைக் கிட்ட இழுத்துக் குனிஞ்சு, தன்ர ரத்தத்தையே பாத்துக்கொண்டிருந்தாள். விசிறியை நிப்பாட்டியிருந்தன்.

"மிஸ், எல்லாம் துள்ளுது."

"கழுதையாத்தான் இருக்கும்," எண்டு யன்னலைத் திறந்தன். ஒழுங்கையில ஒரு சீவன் இல்லை.

"ஐயோ, திருப்பியும்!"

குமுதினி மேசைக்கு எட்டத்தில நிக்கிறாள். அன்ரன் வாசல்ல. எனக்குச் சூசை ஐயாவின்ர நினைவு வந்திட்டுது, உண்மையைச் சொல்லுறன். பிறகுதான் கண்டன். ஜெசிந்தாவின்ர வயிறு மேசை விளிம்போட ஒட்டினபடி இருக்குது. மெல்ல மேசையில உள்ளங்கையை வைச்சன். உள்ளங்கையில ஒரு சின்ன இடி. வயிற்றைக் கையால காட்டினன்.

அவள் வயிற்றைப் பிடிச்சுக்கொண்டாள், கண்ணைக் கண்ணாடியில இருந்து எடுக்கேல்லை. "இஞ்சாருங்கோ, ஓடிவாங்கோ!" எண்டு அன்ரனைக் கூப்பிட்டுக் கத்தினாள். "இது எனக்குச் சும்மா தோன்றினதில்லை, கண்ணால பாக்கிறன்!"

அண்டைக்கே ஆசுப்பத்திரியில பிள்ளையின்ர நெஞ்சுத் துடிப்பையும் கேட்டிட்டினம், அந்த மேசைக் காலுக்கு முண்டு வைக்கோணும் எண்டு முதலாளி இண்டுவரைக்கும் கத்திறார், நான்தான் விடுறேல்லை.