கோட்டுக்குள் சீருடை

எங்கள் சித்துவைப் போல் படுக்கை விரிப்பு மடிக்கிற ஆள் ஏழுலகத்திலும் கிடையாது. வானத்தைக் கழற்றிக் கையில் கொடுத்தால் நாலாக மடித்து, நீவி, ஒரு நட்சத்திரம் கசங்காமல் அலமாரியில் அடுக்கிவிடுவார். கொடுக்கத்தான் ஆளில்லை. ஆகவே அந்நிய ஊரில், ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், எட்டு வருஷமாக நோயாளிகளின் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்.

சித்து என்பது வீட்டுப் பெயர். தான் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, சித்தியும் வேண்டாம், சித்தப்பாவும் வேண்டாம் என்று அவர் சொன்னதால் அக்காவின் பிள்ளை வைத்தது. அக்கா பிள்ளை பரம சாது. உப்பு டப்பாவில் சர்க்கரை கொட்டியது வேறு யாரோ.

வீட்டில் இது சுலபம். வேலையிடத்தில் சித்து யாரிடமும் சொன்னதில்லை. பழைய கூடத்தில் உடை மாற்ற ஒரே அறை, உள்ளே தாழ்ப்பாள். பிறகு கூடம் புதுக் கட்டடத்துக்கு மாறியது; அங்கே இரண்டு பெரிய அறைகள். ஒரு கதவில் கால்சட்டைப் பொம்மை, மற்றதில் பாவாடைப் பொம்மை. முதல் நாள் கால்சட்டைக் கதவைத் திறந்தார். உள்ளே பேச்சு நின்றது. "உன் இடம் அங்க" என்றான் ஒருவன். பாவாடைக் கதவைத் திறந்தார். "ஏய், அந்தப் பக்கம் போ!" என்று ஒரு துண்டு பறந்து வந்தது.

அன்று உலர்த்தும் எந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்து மாற்றினார். மறுநாள் அங்கே கேமரா மாட்டிவிட்டார்கள். அதிலிருந்து வீட்டிலேயே சீருடை போட்டு, கழுத்துவரை கோட்டு மாட்டிக்கொண்டு போனார்.

அதுதான் வினை. நோய் ஒட்டும் என்று சீருடை அந்தக் கட்டடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வேலை போச்சு. வேலை போனால் முப்பது நாளில் நாட்டைவிட்டுப் பெட்டி கட்ட வேண்டும். வாசல் காவலாளி "குளிருதா?" என்று கேட்டாலே சித்து கோட்டின் மேல்பொத்தானைத் தடவிப் பார்ப்பார். வெயில் காலம் வந்தது. கோட்டு மட்டும் கழலவில்லை.

"வாயைத் திறந்து கேளேன். ஒரு மூலை தரமாட்டாங்களா?" என்றாள் அக்கா.

"கேட்டா ஏன்னு கேப்பாங்க. சொன்னா என் வேலை விண்ணப்பத்தை எடுத்துப் பாப்பாங்க. அதுல ஆணா பெண்ணான்னு நீ எந்தக் கட்டத்துல டிக் போட்ட, ஞாபகம் இருக்கா?"

அக்கா சாம்பாரைக் கிளறப் போய்விட்டாள்.

மாதக் கடைசியில் சீருடைகளை எண்ணினார்கள். இரண்டு செட் குறைந்தது. வெள்ளிக்கிழமை காலை வாசலில் எல்லோரையும் சோதிப்போம் என்று அறிவிப்பு வந்தது. அதைக் கேட்ட பிறகு சித்துவுக்குச் சோறு இறங்கவில்லை. வியாழனன்று சாப்பாட்டு டப்பாவையே மறந்துவிட்டுப் போனார். அக்கா பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அதை வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தது. அந்த வாசலில் ஒரு புகார்ப் பெட்டி தொங்குகிறது என்பதை இங்கே சொல்லிவைப்பது நல்லது.

வெள்ளிக்கிழமை வரிசையில் நிற்பதற்குள் காவலாளி சித்துவின் தோளைத் தொட்டான். "உங்கள மேடம் உள்ள கூப்பிடறாங்க."

மேற்பார்வையாளர் அம்மா கதவைச் சாத்தினார். "கோட்டைக் கழட்டுங்க."

மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார் சித்து. கோட்டு விலகியது. வியர்வையில் ஒட்டிய சீருடை தெரிந்தது. முப்பது நாள், என்று எண்ண ஆரம்பித்தார் சித்து.

அந்த அம்மா ஒரு தாளை நகர்த்தினார். அந்த ஊர்ப் பாஷையில் கோணல்மாணலாக எழுதியிருந்தது: 'யாரும் திருடவில்லை. கோட்டு போட்டவரை இரண்டு அறையிலும் துரத்துகிறார்கள். தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை கொடுங்கள்.'

"நிஜமா?"

எட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒரு 'ஆமாம்' வெளியே வந்தது.

"தையல் ரூம் காலையில காலிதான். இந்தாங்க சாவி. ரெண்டு செட்டும் இன்னிக்கே கூடைக்கு வந்துரணும். மேல என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது. திங்கக்கிழமை கேட்டுச் சொல்றேன். தாளை நீங்களே வச்சுக்குங்க. வேற யாரும் பாக்கல."

சாயங்காலம் சித்து வீட்டுக்கு வந்தபோது அக்கா பிள்ளை மேஜையில் குனிந்து ஒரு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தது.

"யாரோ எனக்காக லெட்டர் போட்டிருக்காங்க."

"அடடே! யாரோ நல்லவங்க போல."

"என்னை ஒரு வார்த்தை கேக்கல அந்த நல்லவங்க. திங்கக்கிழமை வரைக்கும் நான் எப்படித் தூங்குவேன்?"

பிள்ளை நோட்டைக் கையால் மறைத்தது. சித்து சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். நாலாக, ஓரம் பிசகாமல் மடித்திருந்தது. பிரித்து, திருப்பி, மேஜைமேல் வைத்தார். பின்பக்கம் பிள்ளையின் கணக்குப் பரீட்சைத் தாள். சிவப்பு மையில் மார்க்கு, கீழே அக்காவின் பேரில் கையெழுத்து.

"நூத்துக்குப் பன்னெண்டு. கையெழுத்தும் அக்கா போட்டதில்ல." சித்துவின் மறு கையில் சாவி இறுகியிருந்தது. "இப்ப உங்கம்மாவைக் கூப்பிடவா? இல்ல, என்னைப் பத்தி அந்த நோட்டுல என்ன எழுதிக்கிட்டிருக்கன்னு நீயே காட்டறியா?"