கொப்புளம் பார்க்கும் அம்மா

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் நான் மேஸ்திரி. சூளையிலிருந்து வரும் கப்புகளைச் சரிபார்க்க ஓர் அம்மா இருந்தார். மூக்குக்கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருப்பார். கட்டைவிரலால் ஒரு தடவு. கடுகளவு கொப்புளம் தட்டுப்பட்டாலும் கப்பு உடைசல் குவியலுக்குப் போய்விடும்.

வாசல் மாமரத்தில் இலைக்கு இலை கொப்புளம். சீக்கு மரம், வெட்டிவிடு என்றார் முதலாளி. அந்த அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"கப்புல ஒண்ணு இருந்தாலே ஒடைக்கிறீங்க. இதுல எலை பூரா இருக்குதே?" என்றேன்.

ஓர் இலையை மெல்லத் தடவினார். "கப்புல இருக்கறது வெறும் காத்துங்க. இங்க எலைக்குள்ள ஒரு பொடி ஈ முட்ட வெக்குது, மரம் வூடு கட்டிக் குடுக்குது. உள்ள அதோட புள்ள இருக்குதுங்க."

மறுநாள் மரத்தடியில் நின்று, ஏன் வெட்டவில்லை என்று முதலாளி கேட்டபோது, "உள்ள ஆள் இருக்குதுங்க" என்று உளறிவிட்டேன். அவர் புது செல்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, அண்ணாந்து கிளை கிளையாக ஆளைத் தேடினார்.