போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாத தொழில்

ஆயுள் காப்பீடு விற்க வருபவரை வாசலிலேயே நிறுத்திச் சகுனம் பார்ப்பார்கள் என்பது, என்னைப் போலவே மாடிப்படி ஏறிச் செருப்புத் தேய்ந்த சக பெண் ஏஜெண்டுகளுக்குத் தெரியும். அறுபதுகளின் தொடக்கத்தில், பம்பாயில், மார்ச் முடிவதற்குள் ஒரு பாலிசியாவது பிடிக்காவிட்டால் என் ஏஜென்சி ரத்தாகிவிடும் என்ற நிலை; எங்கள் வீட்டில் சம்பாதிக்க வேறு ஆளும் இல்லை.

மாதுங்காவில் மங்கலச் சொல்

முதல் சந்திப்பை எப்படி நடத்துவது என்று காட்டித்தர மேற்பார்வையாளர் உடன் வந்தார். 'இறந்தால்' என்று வாய் தவறியும் சொல்லக் கூடாதாம். 'ஆகிவிட்டால்' என்று இழுத்து நிறுத்துவதே நாகரிகமாம். பதவி உயர்வுக்குப் பல ஆண்டுகளாகக் காத்திருந்த குமாஸ்தா ஒருவரிடம், "ஒருவேளை உங்களுக்கு ஆகிவிட்டால், மாமிக்குப் பணம் கிடைக்கும்" என்று குழைந்தார். குமாஸ்தாவின் முகம் மலர்ந்தது.

"ஆயிடும் சார், லிஸ்ட்ல அடுத்த பேர் என்னோடதுதான்! ஆனா ப்ரமோஷன் எனக்கு, பணம் ஏன் அவளுக்கு?"

செம்பூரின் விஞ்ஞானம்

அடுத்தவர் பொறியாளர். மூடநம்பிக்கைகளைச் சாடி ஒரு முழுச் சொற்பொழிவை, என்னை நிற்க வைத்தே நிகழ்த்தினார். பகுத்தறிவாளரிடம் மரணத்தைப் பற்றி நேரடியாகப் பேசலாம் என்று நம்பி, நானும் பேசினேன். கதவைச் சாத்துமுன் அவர் சொன்னது:

"ஜாதகத்துல எனக்கு எண்பத்துநாலு வயசு போட்டிருக்கு. எண்பத்துமூணுல வாங்கோ."

தாராவியில் ஒரு கையெழுத்து

மார்ச் முடியும் தறுவாயில், மேற்பார்வையாளரைத் தவிர்த்து, தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரின் வீட்டுக்குத் தனியாகப் போனேன். "இவர் இறந்தால் உங்களுக்குப் பணம் வரும், நானே கொண்டுவந்து தருவேன்" என்று அவர் மனைவியிடம் நேராகச் சொன்னேன். கணவர் கையெழுத்திட்டார். பழக்கதோஷத்தில், "போய் வருகிறேன்" என்று எழுந்தேன்.

அந்த அம்மாள் விண்ணப்பத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். "ஏட்டி, கைய எடு" என்று கணவர் சிரித்தார். கை அசையவில்லை. என் ஏஜென்சி முழுவதும் அந்த உள்ளங்கைக்குக் கீழே இருந்தது.

"நீங்க வாரேன்னா இவுக போவாகன்னுல்லா அர்த்தம்! தவணைத் துட்ட நாங்களே ஆபீஸுல வந்து கெட்டிக்கிடுதோம். நீங்க 'போறேன்'னு மட்டும் சொல்லிட்டுப் போங்கம்மா."

சொன்னேன், கை விலகியது; கிடைத்த பாலிசியைத் தம் பயிற்சியின் வெற்றி என்று மேற்பார்வையாளர் மேலிடத்தில் பெருமையடித்துக்கொள்ள, திரும்பி வராதே என்று வாழ்த்தி வழியனுப்பும் ஒரே தொழிலில் நானும் நிலைபெற்றேன்.