நானே பழுது பார்த்த ஜீப்

நிவாரண வேலையில் சாரதியாக இருப்பதில் ஒரு வசதி உண்டு: வாகனம் ஓடினால் பெயர் சாரதிக்கு, நின்றால் பழி வாகனத்துக்கு. சுனாமிக் கடல் வந்துபோன அடுத்த மாதம் எனக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் அந்த வேலை கிடைத்தது. அதுவரை மட்டக்களப்புக் கரையோரம் செட்டிபாளையத்தில் வாடகைக்கு வான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். வானைக் கடல் கொண்டுபோய்விட்டது. நிறுவனம் என் கையில் தந்தது நான்கு சக்கரச் சில்லும் இழுக்கிற பழைய டீசல் ஜீப் ஒன்று. அந்த நாட்களில் மட்டக்களப்பு டவுன் கராஜ்களில் வாகனங்கள் வரிசையில் நின்றன. "வெளியில குடுக்கத் தேவையில்ல சேர், நானே பாப்பன்" என்று மேலாளரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

எஞ்சின் மேலுள்ள பொனற்றைத் திறந்து வைத்துவிட்டு, கழற்றிய நட்டு எங்கே விழுந்தது என்று மண்ணைத் துழாவிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்கள் என் கட்சி. மற்றவர்கள் சிரிக்கலாம். எனக்கு இன்னும் சிரிப்பு வருவதில்லை.

கழுவின பக்கம்

முதல் மூன்று மாதமும் உப்புத் தண்ணீருக்குள்தான் ஓட்டம். கரையோரப் பாதையெல்லாம் அரித்துப் போயிருந்ததால் கடற்கரை மணலில் இறங்கி ஏறித்தான் முகாம்களுக்குச் சாமான் கொண்டுபோனோம். ஒவ்வொரு பின்னேரமும் ஜீப்பைக் கழுவினேன். கண்ணாடி பளிச்சென்று இருக்கும், கதவில் நிறுவனத்தின் பெயர் பளிச்சென்று இருக்கும். அடிப்பக்கம் ஆருக்குத் தெரியப்போகிறது என்று அங்கே ஒரு வாளி நல்ல தண்ணீர்கூட அடிக்கவில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூட முகாம் ஒன்றில், சரிவான வளவில் ஜீப்பை நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்துவிட்டுப் பாய்களை இறக்கிக்கொண்டிருந்தேன். உப்பில் துருவேறிக் கறள் பிடித்திருந்த பிரேக் கேபிள் அறுந்தது. எனக்கு முதுகுப் பக்கமாக ஜீப் மெல்ல உருண்டு போய்ச் சமையல் கொட்டிலுக்குள் புகுந்தது. அறுபது குடும்பத்துக்கு இறக்கி வைத்திருந்த பருப்புக் கறிக் கிடாரம் கவிழ்ந்து மண்ணில் ஓடியது. நல்லவேளை, சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் விலகிவிட்டார்கள். விலகிய வேகத்தைப் பார்த்தபோதுதான் அவர்கள் எதை நினைத்து ஓடினார்கள் என்று எனக்கு உறைத்தது. நான் தலை குனிந்து நின்றேன். அகப்பையோடு நின்ற ஒரு அக்கா மூச்சு வாங்கியபடி சொன்னா: "கடலாவது சத்தம் போட்டு வந்த. உங்கட வாகனம் சத்தமே இல்லாம வருகுது தம்பி."

பளபளப்பான குமிழ்

முன் சில்லுகளின் நடுவில் சில்லுக்கொரு குமிழ் இருந்தது. நான் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். தினமும் துணியால் துடைத்து மினுக்கி வைப்பேன். கொழும்பிலிருந்து புதிதாக வந்த கள உத்தியோகத்தர் மிஸ்ஸிடம், "இது நாலு சில்லும் இழுக்கிற வண்டி மிஸ், எந்தச் சேத்துக்குள்ளயும் போகும்" என்று சொல்லிக்கொண்டே வவுணதீவுப் பக்கம் கூட்டிப்போனேன். அறுவடை பார்க்கப் போன வயல்வெளி வட்டையின் வரம்போரத்தில் ஜீப் புதைந்தது. லீவரை இழுத்தேன், எஞ்சினை முறுக்கினேன். பின் சில்லுகள் சேற்றை வாரி இறைத்தன. முன் சில்லுகள் சும்மா இருந்தன. வயல்காரர்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். "கியர் பெட்டியில பெரிய பழுது மிஸ்" என்று நான் அறிவித்தேன்.

மிஸ் டாஷ்போர்ட் பெட்டிக்குள் கிடந்த வாகனத்தின் கையேட்டை எடுத்து வாசித்தா. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் சேற்றில் இறங்கி, இரண்டு முன் சில்லுகளிலும் இருந்த குமிழ்களைக் கையால் திருப்பிப் பூட்டினா. அப்படிப் பூட்டினால்தான் முன் சில்லு இழுக்குமாம். அடுத்த முறுக்கில் ஜீப் தானாக மேலே ஏறியது. வயல்காரர்கள் கை தட்டினார்கள், எனக்கு அல்ல. மிஸ் சேற்றுக் காலோடு ஏறி உட்கார்ந்து, மெதுவாகத்தான் சொன்னா: "படம் போட்டே இருக்கு அண்ணா."

ஆரு பூட்டின?

எஞ்சின் ஒயில் மாற்றும்போது அடியில் உள்ள போல்ற்றை இறுக்கினேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இறுக்கியதில் புரி கழன்றுவிட்டது. ஒழுகிய இடத்தில் சவர்க்காரத்தைப் பிசைந்து அப்பி இரண்டு கிழமை சமாளித்தேன். கடைசியில் ஏறாவூரில், அண்ணன் என்ற முறையில் எல்லாரும் காக்கா என்று கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் மெக்கானிக்கிடம் போகவேண்டி வந்தது. ஜீப்புக்குக் கீழே படுத்துப் பார்த்தவர் விரலில் சவர்க்காரத்தோடு வெளியே வந்தார். மோந்து பார்த்தார். அவர் கேட்காமலே நான் முந்திக்கொண்டு, "ஆரோ முந்தி இருந்த ட்றைவர் செஞ்ச வேல காக்கா" என்றேன். அவர் கையைத் துடைத்தபடி என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "ஆரு பூட்டின எண்டு நான் கேக்கல்ல தம்பி. இனிமேப் பூட்ட வேணாமெண்டு மட்டும் அவருக்குச் சொல்லிடுங்க."

கோலிங் பெல்

மாரியில் விடியக்காலையில் பழைய டீசல் எஞ்சின் இலேசில் பற்றாது. உள்ளே சூடாக்குகிற ஹீற்றர் பிளக்குகள் உண்டு. சாவியைத் திருப்பினால் அவை தானாகச் சூடேற வேண்டும். என் ஜீப்பில் அந்த ஏற்பாடு பழுதாகிவிட்டது. நான் பற்றரியிலிருந்து நேரே ஒரு வயர் இழுத்து, வீட்டு வாசலில் வைக்கிற கோலிங் பெல் சுவிட்ச் ஒன்றைப் பூட்டினேன். இருபது வரை எண்ணிக்கொண்டு அமத்தினால் எஞ்சின் பற்றும். மேலாளர் கண்டால் ஏசுவார் என்று சுவிட்சை சீற்றுக்குக் கீழே ஒளித்து, வயரைக் கறுப்பு இன்சுலேசன் ரேப்பால் சுற்றி வைத்தேன். நாட்டில் சண்டை திரும்பத் தொடங்கியிருந்த நேரம் அது. ஒளித்து வைத்த வயரும் சுவிட்சும் மற்றவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று என் மண்டைக்கு எட்டவில்லை.

ஒரு மழை நாள், இடம்பெயர்ந்தோர் குழுத் தலைவராக இருந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்குப் படிப்பித்தவர். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் சீற்றுக்குக் கீழே கையை விட்டான். வயர் தட்டுப்பட்டது. அடுத்த நிமிடம், குண்டென்று நினைத்துத் துவக்குகள் எங்கள் பக்கம் திரும்பின. இருவரும் கையை உயர்த்தி நடுறோட்டில் நின்றோம். எனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் ஹீற்றர் பிளக்கை விளக்க ஒரு மணித்தியாலம் பிடித்தது. கடைசியில் எல்லாரும் தள்ளி நின்றுகொண்டு, என்னையே அந்தச் சுவிட்சை அமத்தச் சொன்னார்கள். அமத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒருவன் சிரித்தான், போகச் சொன்னார்கள். அதிபர் சேரின் வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டிப் போயிருந்தது, குடை சேற்றில் கிடந்தது. நான் குடையை எடுத்து உதறி ஜீப்புக்குள் வைத்துவிட்டு வாவிப் பாலம் தாண்டினேன். பிறகு அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு சொன்னார்: "முப்பது வருசம் புள்ளையளக் கைய உயத்துங்க எண்டு நான்தான் சொன்ன. எனக்கு ஒருத்தரும் சொன்னதில்ல."

டீசலுக்குள் தண்ணீர்

டீசல் வாகனம் வைத்திருக்கிறவர்களுக்கு இது தெரியும். மழைக்காலத்தில் டீசலோடு தண்ணீர் சேரும். பில்டருக்கு அடியில் ஒரு சின்னத் திருகு உண்டு. தினமும் காலையில் அதைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடித்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை. அலுவலகத்தில் அதற்கு ஒரு படிவமும் இருந்தது. நான் திங்கட்கிழமை காலையிலேயே வெள்ளிக்கிழமை வரைக்கும் சரி அடையாளம் போட்டுவிடுவேன். திருகை மட்டும் தொட்டதே இல்லை.

சண்டை எங்கள் பக்கம் ஓய்ந்து வடக்கே போயிருந்த மாரி. கரடியனாற்றில் மீளக் குடியேறியவர்களுக்குத் தகரம் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பிரசவம் பார்க்கிற குடும்பநல மாது ஒருவர் கை காட்டி மறித்தார். யோகா என்று ஒரு பிள்ளை, தலைப்பிரசவம், வலி தொடங்கிவிட்டது, அம்புலன்ஸ் வேறு இடத்துக்குப் போய்விட்டது. யோகாவையும் அவளுடைய மாமியாரையும் ஏற்றிக்கொண்டேன். மாமியார் என்னைப் பார்த்துக் கும்பிட்டா. "பயப்படாதங்க அம்மா, இது எங்கயும் நிக்காது" என்றேன்.

இரண்டு பக்கமும் வெள்ளம் நிறைந்த வட்டை. நடுவில் ஜீப் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. எனக்குக் காரணம் உடனே தெரிந்தது. பொனற்றைத் திறந்து அந்தத் திருகைப் பிடித்தேன். கறள் பிடித்து இறுகியிருந்தது. குறடு போட்டு முறுக்கினேன். திருகு அடியோடு முறிந்து, டீசல் முழுக்க மழைத் தண்ணீரோடு ரோட்டில் ஓடியது. உள்ளே யோகா கத்திக்கொண்டிருந்தாள். நான் அந்த முறிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். டிராக்டரில் உரம் ஏற்றி வந்த ஒரு உழவு மெஷின்காரர்தான் மூட்டைகளை இறக்கி ரோட்டோரம் போட்டுவிட்டு, இழுவைப் பெட்டியில் அவளைக் கிடத்திக் கொண்டுபோனார். மாமியார் மேலே தார்ப்பாய்ப் படங்கை விரித்துப் பிடித்துக்கொண்டு போனா.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே பிள்ளை அந்தப் பெட்டிக்குள் பிறந்துவிட்டது. தாய்க்கு இரத்தம் கூடப் போய், ஒரு கிழமைக்கு மேல் வாட்டில் கிடந்தாள். அவர்கள் ஜீப்பில் விட்டுப்போன உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு மறுநாள் போனேன். என்ன பேச்சு விழுந்தாலும் வாங்கிக்கொள்வது என்று நினைத்துத்தான் போனேன். மாமியார் பையை வாங்கிக்கொண்டு, உண்மையான கவலையோடு கேட்டா: "ரெண்டு உசிரும் தப்பிட்டுது மனே. உங்கட வாகனத்துக்கு என்ன நடந்த, பாவம்?"

சொல்லாமல் விட்டது

இது உங்களிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். என்ன நடந்தது என்று மேலாளர் கேட்டபோது, "டீசல்ல தண்ணி, சேர்" என்றேன். பொய் இல்லையே. அவர் படிவத்தை எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் சரி அடையாளம். அப்படியென்றால் டீசல் கெட்டது என்று அவரே முடிவெடுத்தார். நாங்கள் டீசல் எடுத்தது சந்தியில் பீப்பாய் வைத்து விற்ற தங்கராசா அண்ணனிடம். அவரிடம் இனி எடுக்க வேண்டாம் என்று உத்தரவு போனது. மற்ற நிறுவனங்களுக்கும் செய்தி பரவியது. தங்கராசா அண்ணன் அலுவலக வாசலுக்கு வந்து, ஒரு போத்தலில் டீசலை வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டி, "பாருங்க சேர், ஒரு சொட்டுத் தண்ணி இரிக்கா?" என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்று ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவரைக் காணும்போதெல்லாம் அடுத்த ஒழுங்கைத் தெருவால் திரும்பினேன்.

சண்டை முடிந்தது. நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூட்டை கட்டின. எங்களுடையதும் மூடப்பட, ஜீப்பின் சாவியைக் கொடுத்துவிட்டு அன்றைக்கே சந்திக்கு நடந்து போனேன். பீப்பாய்கள் வெறுமையாகக் கிடந்தன. தங்கராசா அண்ணன் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். படிவம், திருகு, நான் வாய் திறக்காமல் நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஒரு இளநீரைச் சீவி என் கையில் தந்தார். நான் அதைக் குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நிற்கும்போது சொன்னார்: "எல்லாரும் போனாப்பிறகு வந்து சொல்றாய் தம்பி. இப்ப ஆருக்கிட்டப் போய் என்ட டீசல் நல்லதெண்டு சொல்ற?"

இப்போது என்னிடம் இருப்பது ஒரு சைக்கிள்தான். அதற்குக் காற்றடிக்கவும் கடைக்குத்தான் கொண்டுபோகிறேன்.